தனியாக வானில் வன்னி: இரவில் எங்கே நிறுத்துவது, யார் துணை?

பெப்ரவரி 27 – ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

நான்கு வருடமாக ஆர்.வி. என்ற வீட்டு வண்டியில் தனியாகச் சுற்றுகிறேன். வயது 56. குளிர்காலத்தில் அரிசோனாப் பக்கம் இறங்கிவிடுவேன். அங்கே குவாட்சைட் என்ற பாலைவன ஊருக்குப் பக்கத்தில், செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு எடுத்து வண்டியை நிறுத்தலாம். பின்னேரங்களில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். ஞாயிறு காலையில் மடக்குக் கதிரை போட்டு ஆராதனை நடக்கும். நல்ல சனங்கள், என்னையும் கூப்பிடுவார்கள். ஆனால் எனக்குக் கும்பிட மனம் வருவதில்லை. அம்மாவின் ஊர் இலங்கையில் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டான். அடுத்த வருடம் வந்து ஒரு வான் எடுத்து, அதிலேயே படுத்து வன்னியைச் சுற்ற ஆசை. ஒரு பெண் தனியாகச் செய்யலாமா? யாரோடு பேசுவது? ஊர்க் கோயிலில் நின்றால் கும்பிட வருமா? சும்மா "வாங்கோ வாங்கோ" என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

மார்ச் 1

செய்யலாம். நான் செய்கிறேன். வவுனியா, வயது 61, கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். என்னிடம் இருப்பது ஒரு பழைய டொல்பின் வான். பின்னாலுள்ள இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே தண்ணீர்க் கான் இரண்டு, ஒற்றைக் காஸ் அடுப்பு, அரிசி, பருப்பு. கூரையில் ஒரு சோலர் தகடு. சின்னக் காற்றாடியும் போனும் அதில் ஓடும். கண்ணாடிகளுக்கு உள்ளே கொசுவலை தைத்திருக்கிறேன். வன்னி வெக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு யாரும் நித்திரை கொள்ள முடியாது.

உங்கள் பக்கத்து ஆர்.வி. பூங்காவில் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர் இறக்கும் குழி எல்லாம் இருக்கும். இங்கே அந்த இடத்தில் இருப்பது கோயில் வெளிவீதி. கிணறு இருக்கும், மரம் இருக்கும், பெரிய கோயில்களில் மடமும் கழிவறையும் இருக்கும். ஐயரிடமோ தர்மகர்த்தாவிடமோ கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இதுவரை என்னை யாரும் போகச் சொன்னதில்லை.

மாறாத இரண்டு விஷயம். சாலையை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இறக்க வேண்டாம். கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்தது ஆனை. பின்னேரம் ஆறு மணிக்கு முன் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். குளத்துக்குத் தண்ணீர் குடிக்க அது வரும் வழியில் படுக்காதீர்கள். உப்பு, நெல், பழம் எதையும் வண்டிக்கு வெளியே வைக்காதீர்கள்.

மார்ச் 2

ஒன்று விட்டுப்போனது. கோயில் வீதியில் நிற்பதென்றால் வண்டிக்குள் கருவாடு இருக்கக்கூடாது. டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாலும் மத்தியான வெயிலுக்கு மணம் வெளியே வரும். நான் முதல் பயணத்தில் ஒரு கோயிலடியில் நின்றபோது, பூமாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழும்பி வந்து மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கே கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9

"யாரோடு பேசுவது" என்று கேட்டிருந்தீர்கள். அதை யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விட்டது.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போகும் சாரதியை நான் அதிகம் கண்டதில்லை. பஸ், லொறி, கார் எல்லாம் நிற்கும். இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். முதல் பயணத்தில் நானும் நிறுத்தினேன், ஆனால் கோயில் பக்கம் போகவில்லை. கச்சான் மட்டும் வாங்கினேன்.

கச்சான்கார அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலைக் கண்டார், அடுப்பைக் கண்டார், வேறு ஆள் இல்லை என்பதையும் கண்டார். "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். சுருளை வாங்கி இன்னொரு கை கச்சான் போட்டு, "அப்ப அவருக்கும் ஒரு கற்பூரம் கொளுத்திட்டுப் போங்கோ ரீச்சர். அவரும் தனியாள்தானே" என்றார்.

நான் ரீச்சர் என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. கண்ணாடியும் சேலையும் காட்டிக் கொடுத்திருக்கும். கற்பூரம் கொளுத்தவில்லை. ஆனால் மாங்குளம் வரைக்கும் பிள்ளையார் தனியாள் என்ற பேச்சு மனதில் ஓடிக்கொண்டே வந்தது. அவ்வளவு காலம் கும்பிட்ட பிள்ளையாரை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 10

"ஏன் கொளுத்தவில்லை?" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

என் மனுசன் நெல் செய்தவர். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடம் இந்த நோய் எவ்வளவு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போவோம். ஒருநாள் மெசினுக்காகக் காத்திருந்த வாங்கிலிருந்தே வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தேன்: இவர் எழும்பி நடந்தால் பொங்கலுக்கு வந்து கற்பூரச்சட்டி எடுப்பேன் என்று. ஏழு நாள் கடல்நீரில் விளக்கெரியும் கோயில் அது. தண்ணீரில் விளக்கை எரிக்கிறவளுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன்.

2021 இல் அவர் போய்விட்டார். ஊரடங்கு நேரம். செத்தவீட்டுக்கு வந்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் விளக்கு வைக்கவில்லை. கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. கோபம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது போல.

வானை வாங்கியது அதற்கு அடுத்த வருடம். வித்தவர் வேதக்காரர். முன்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் "மருதமடு மாதா துணை" என்று ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்கட்டுமா என்று கராச்சில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது. யாருடைய துணையாக இருந்தாலும் கண்ணாடியில் அந்தச் சொல் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

மார்ச் 24

இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன். ஸ்காபரோத் தங்கச்சிக்கு உண்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

வவுனிக்குளம் பக்கம் ஒரு சின்னக் குளத்தடியில் நின்றேன். குளம் நிரம்பித் தண்ணீர் வழியும் இடத்தை எங்கள் பக்கம் வான் என்போம். வானடியில் வானை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று மகளுக்குப் போனில் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேரப்பிள்ளை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.

குளக்கட்டில் ஒரு மருதமரம். அதன் கீழே ஐயனார். சிலை கிடையாது, கூரையும் கிடையாது. ஒரு கல், ஒரு சூலம், கல்லுக்கு முன்னால் மண் சிட்டி. பின்னேரம் ஐந்தரை மணியிருக்கும், ஒரு அப்பு வந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சைக்கிளைக் கட்டில் சாய்த்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவி, சேட்டைக் கழற்றிக் கரியரில் வைத்தார். சின்னப் போத்தலில் இலுப்பெண்ணெய் கொண்டுவந்திருந்தார். திரியை உள்ளங்கையில் உருட்டி எண்ணெயில் தோய்த்து ஏற்றினார். இலுப்பெண்ணெய் எரியும் அந்த மணம் எனக்கு அம்மம்மா வீடு.

என்னைத் திரும்பிப் பார்த்து, ஊர், பெயர், ஏன் தனியாக என்று எதையும் கேட்காமல் சொன்னார்: "பிள்ளை, காத்தாக் கிடக்கு. மாடு அங்கால வயல் பக்கம் இறங்கீட்டுது. நான் சாய்ச்சுக்கொண்டு வாறன். விளக்கு நூராமப் பாத்துக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டுப் போயே விட்டார்.

நான் விளக்கு வைக்காமல் விட்டவள். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? குளத்துக் காற்று கட்டுக்கு மேலே ஏறி வரும்போது சுடர் அப்படியே படுத்துவிடும். முதலில் கையை வைத்து மறைத்தேன். சுட்டது. வண்டிக்கு ஓடிப்போய்ச் சோற்றுக் கோப்பையை எடுத்துவந்து காற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்தேன். காற்று திசை மாறும், நானும் மாறி உட்காருவேன். எண்ணெய் குறைந்து திரி கறுக்கத் தொடங்கியதும் ஒரு ஈர்க்கை முறித்துத் தூண்டிவிட்டேன். இடையில் ஒரு தடவை சுடர் நீலமாகிச் சின்னக் குன்றிமணி அளவுக்கு வந்துவிட்டது. "போயிடாத, போயிடாத" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. அது பிடித்துக்கொண்டது.

முக்கால் மணித்தியாலம். இருட்டிய பிறகுதான் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. அப்பு வந்து பார்த்து, "நூரேல்லை" என்றார். அவ்வளவுதான். சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். விடிய வண்டிக் கதவைத் திறந்தால் படியில் ஒரு முட்டி தயிர், மேலே பூவரசம் இலை மூடி.

கும்பிட வருமா என்று கேட்டீர்கள். எனக்கு அன்றைக்குக் கும்பிட வரவில்லை. ஆனால் ஒரு வேலை வந்தது. அந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை நான் தனியாக இருக்கவில்லை.

ஏப்ரல் 3

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இது பக்தி இல்லை ரீச்சர். ஒரு வயோதிபருக்குச் செய்த உதவி. காற்றில் மெழுகுதிரியைக் காப்பாற்றினாலும் இதே உணர்வுதான் வரும்."

பத்து நாளாக இதற்குப் பதில் தேடினேன். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்று. அந்த அப்பு விளக்கை ஏற்றியது எனக்காக இல்லை. அவருக்கு முன்னால் அவருடைய தகப்பன் ஏற்றியிருப்பார். குளம் உடையாமல் இருக்க, மாடு கன்று பிழைக்க, விதைத்தது விளைய, அந்தக் கல்லுக்கு முன்னால் எத்தனையோ பின்னேரங்கள் யாரோ ஒருவர் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அந்த வரிசையில் ஒரு முக்கால் மணித்தியாலம் எனக்குக் கிடைத்தது. மெழுகுதிரியில் அது கிடைக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 21

எல்லாம் இனிப்பாக எழுதிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. மற்றப் பக்கத்தையும் கேளுங்கள் தங்கச்சி.

தனிமை பகலில் வருவதில்லை. பின்னேரம் ஏழு முதல் பத்து வரைதான். சமைத்துச் சாப்பிட்டாயிற்று, நித்திரை வராது, வெளியே இருட்டு, ஆந்தை. அந்த மூன்று மணித்தியாலத்துக்கு என்று ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கேத்திர கணிதம் செய்வேன். இப்போது சில நாள் தேவாரம் வருகிறது, பாதியில் மறந்தும் போகிறது.

முத்தையன்கட்டுப் பக்கம் போகும்போது வண்டி நின்றுவிட்டது. ஒரு கராச்சில் டைனமோ போய்விட்டது என்று சொல்லிப் புதிதுக்குக் காசு வாங்கினார்கள். இரண்டு நாளில் மறுபடி நின்றது. அடுத்த ஊரில் திறந்து பார்த்த பையன், டைனமோவை யாரும் கழற்றவே இல்லை, வயர் ஒன்றுதான் கழன்றிருக்கிறது என்றான். கொழுவித் தந்துவிட்டுக் காசு வேண்டாம் என்றான். தனியாக வருகிற பெண் என்றால் ஏமாற்றுகிறவனும் இருப்பான், காசு வேண்டாம் என்கிறவனும் இருப்பான். வண்டியின் அடிப்படைப் பழுதுகளைப் படித்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. ஒரு கோயில் வீதியில் நடுச்சாமம் தாண்டி வண்டியில் தட்டுச் சத்தம். உடம்பெல்லாம் விறைத்துப் போனது. "அம்மா, லைற் போடாதேங்கோ, ஆனை நிக்குது" என்று காவல்காரர் மெல்லச் சொன்னார். கொசுவலைக்குள்ளால் பார்த்தேன். வீதியின் மற்ற அந்தத்தில் இருட்டுக்குள் இன்னொரு இருட்டு அசைந்தது. அது போகும்வரை அவர் வண்டியோடு ஒட்டி நின்றார். அவருக்கு நான் யார்?

ஜூன் 14

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்தேன்.

முதலில் திருத்தம். மார்ச் 10 குறிப்பில் ஏழு நாளும் வற்றாப்பளையில் விளக்கெரியும் என்று எழுதியிருந்தேன். தவறு. பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில்தான் ஏழு நாளும் உப்புநீரில் விளக்கெரிகிறது. அடுத்த திங்கள்தான் வற்றாப்பளைக்கு வரும். ஊர்க்காரர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார், நன்றி. முள்ளியவளையில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

பொங்கலுக்கு முன்னரே கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் அங்கே வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து நடந்து வந்தவர்கள், இன்னும் கிழக்குக் கரை முழுவதும் நடக்க வேண்டும். எல்லாரும் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை விட வயது கூடிய ஒரு சாமி வண்டி நிழலில் வந்து இருந்து காலில் இருந்த கொப்புளத்தைக் காட்டினார். மருந்து போட்டுவிட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவருடைய பொதி என் தலையணையை விடச் சின்னது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கோயில் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மதுரையை எரித்த கண்ணகி கடல் தாண்டி இங்கே வந்து, நந்திக்கடல் ஓரம் ஒரு கிழவியாக இருந்தாள். மாடு மேய்த்த பெடியள் அவளைக் கண்டு பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை அள்ளி ஊற்றிக் கொளுத்துங்கோ என்றாள். எரிந்தது. தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இரவு சனத்துக்குள் நின்றபோதுதான் மற்றது விளங்கியது. அவள் புருசனைப் பறிகொடுத்தவள். அவளாலேயே அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிழவியாகத் தனியே ஊர் ஊராக நடந்து வந்து, தெரியாத பெடியளிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டவள். நான் போய் யாரிடம் கேட்டேன்! யாரோடு இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன்!

பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவர் கற்பூரச்சட்டியோடு நின்றார். நான் அழுவதைக் கண்டு, "என்ன நேத்தி பிள்ளை?" என்றார். நேர்ந்தது நடக்கவில்லை, அதனால் கடன் இல்லை என்று சொன்னேன். அவர் மறுக்கவுமில்லை, ஓம் என்று சொல்லவுமில்லை. "கை சுடுகுது, கொஞ்சம் பிடியுங்கோ" என்று வேப்பிலையோடு சட்டியை என் கையில் தந்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தார். சரிசெய்து முடித்த பிறகும் திருப்பி வாங்கவில்லை. வீதி சுற்றி முடியும்வரை அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 16

"அப்போ நேர்த்தியைச் செய்துவிட்டீர்கள்" என்று எழுதுகிறீர்கள். இல்லை. அது அந்த ஆச்சியின் சட்டி. அவருடைய பேரன் 2009 இல் முள்ளிவாய்க்காலுக்குள் போனவன். வருடா வருடம் எடுக்கிறார். நான் தூக்க உதவினேன், அவர் நடக்க உதவினார். எனக்கென்று ஒரு சட்டி எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். நேற்றுக் காலையில் என் மனுசனுடைய குடையைக் கண்டதும் கொஞ்சம் வந்தது. ஆனால் பேசுகிறேன்.

ஜூலை 5

மடுவுக்குப் போனேன், மன்னார்ப் பக்கத்துக் காட்டிலுள்ள மாதா கோயில். ஜூலை 2 திருவிழா. கண்ணாடியில் மூன்று வருடமாக மாதாவைக் கொண்டுதிரிந்துவிட்டு ஒருநாளும் போய்ப் பார்க்காதது மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

தங்கச்சி, நீங்கள் குவாட்சைட் என்று சொன்னீர்களே, எங்களுக்கு அது மடு. காட்டுக்குள் மரத்துக்கு மரம் கூடாரம், கொட்டில், லொறிக்குக் கீழே பாய், உழவு இயந்திரப் பெட்டியில் தொட்டில். பக்கத்துக் கூடாரத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அவர்களுக்கு என் பாசை அரைகுறை, எனக்கு அவர்களுடையது அரைகுறை. அந்தத் தாய் கண்ணாடியிலிருந்த எழுத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "மாதா" வரைக்கும் சொல்லிவிட்டேன். "துணை" என்பதை எப்படிச் சொல்வது? கடைசியில் அவருக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து காட்டினேன். விளங்கிக்கொண்டார். இரவு முழுக்க அவருடைய சின்ன மகள் என் கட்டிலில்தான் படுத்தாள்.

"மாதா"வில் கால் எழுத்து ஒன்று உரிந்து தொங்குகிறது. மன்னாரில் மஞ்சள் ஸ்டிக்கர் தேடினேன், அதே நிறம் கிடைக்கவில்லை. வவுனியாவில் பார்க்க வேண்டும்.

ஜூலை 19

ஸ்காபரோத் தங்கச்சி பயணச்சீட்டு எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒக்டோபர் வேண்டாம், மாரி தொடங்கிவிடும், மண்வீதிகளில் சில்லுப் புதையும். ஜனவரிக் கடைசியில் வாருங்கள். குளங்கள் நிறைந்து இருக்கும், நெல் வெட்டும் நெருங்கிவிடும். பாலைப்பழம் தின்ன ஆசை என்றால் ஜூன்வரை நிற்க வேண்டும்.

நேற்று ஒட்டுசுட்டானுக்குப் போய்ப் பார்த்தேன். குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் சிவன் தானாகத் தோன்றினார் என்ற கதையை அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். தான்தோன்றீசுவரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நல்ல மரநிழல் இருக்கிறது. மூன்று மணிக்குப் பிறகு வெயில் வண்டியில் படாது. கிணற்றுக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள். காலடியால் அளந்து பார்த்தேன், இரண்டு வான் தாராளமாக நிற்கும்.

கொசுவலைத் துணி அங்கேயிருந்து கொண்டுவாருங்கள். எனக்கும் சேர்த்து ஐந்து மீற்றர். இங்கே கிடைப்பதில் ஓட்டை பெரிது.